பொழுது போக்குவதும் ஒரு சிகிச்சை

மருத்துவமனையில் ஒரு வாரத்துக்கு மேல் படுத்திருந்தவர்களைக் கேட்டால், வலி, ஊசி, உப்பில்லாச் சாப்பாடு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக ஒரு புகாரைத் தவறாமல் சொல்வார்கள்: "பொழுதே போகவில்லை." காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் காய்ச்சலைப் பற்றிக் கேட்பார், ரத்த அழுத்தத்தைப் பார்ப்பார், மலச்சிக்கல் உண்டா என்றுகூட விசாரிப்பார். பொழுது போகிறதா என்று மட்டும் கேட்க மாட்டார். நோயாளி தானாகச் சொன்னாலும் கேஸ் ஷீட்டில் அது ஏறாது. அது நோயின் அறிகுறி அல்ல, சலிப்பு என்றே எல்லோரும் நினைக்கிறார்கள்.

நான்கு நாளில் வீடு திரும்பும் நோயாளிக்கு அது வெறும் சலிப்பாக இருக்கலாம். முதுகுத்தண்டு முறிந்து ஆறு மாதம் படுத்தவருக்கோ, பக்கவாதத்தில் வலது கை விழுந்தவருக்கோ, மனநல மருத்துவமனையில் பத்து ஆண்டுகளாக இருப்பவருக்கோ கதை வேறு. அவர்களுக்குப் பொழுது போகாததே நோயின் பாதி. சிகிச்சை நேரம் போக மிச்சமுள்ள இருபது மணி நேரத்தில்தான் மனம் உடைகிறது, தசை இளைக்கிறது, பேச்சு குறைகிறது, பிழைக்க வேண்டும் என்ற எண்ணமே மங்குகிறது. அந்த நேரத்தை நமது மருத்துவமனைகள் சுவரில் மாட்டிய ஒரு டெலிவிஷன் பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டன.

அந்த நேரத்தையே மருந்தாக மாற்றுவது ஒரு தொழில். ரிக்ரியேஷன் தெரபி என்று அதற்குப் பெயர். தமிழில் பொழுதுபோக்குச் சிகிச்சை என்றால் கேட்பவர் சிரித்துவிடக்கூடும். 'பொழுதுபோக்கு' என்ற சொல்லிலேயே ஒரு அலட்சியம் இருக்கிறது. வேலை இல்லாதவர்கள் செய்வது, வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டுச் செய்வது என்பதுதான் நம் புரிதல். மருத்துவத் தொழில்களின் வரிசையில் இதற்குக் கடைசி நாற்காலிகூடக் கிடைக்காமல் போனதற்கு இந்த அலட்சியம் ஒரு முக்கியக் காரணம்.

இந்தத் தொழிலில் இருப்பவர் உண்மையில் என்ன செய்கிறார்? ஓர் உதாரணம் பார்க்கலாம். தபால் துறையில் வேலை பார்த்த 58 வயதுக்காரர் ஒருவருக்குப் பக்கவாதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உயிர் பிழைத்துவிட்டார். வலது கை சரியாக வரவில்லை, பேச்சு தடுமாறுகிறது. பிஸியோதெரபிஸ்ட் தோளையும் முழங்கையையும் அசைக்கப் பயிற்சி தருகிறார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சட்டைப் பொத்தான் போடவும் சாப்பாட்டைப் பிசைந்து உண்ணவும் பழக்குகிறார். இரண்டும் அவசியம். ஆனால் வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கிறது என்பது எல்லாக் குடும்பங்களுக்கும் தெரியும். முதல் வாரம் மனைவி வற்புறுத்துவதால் கையைத் தூக்கி இறக்குகிறார். இரண்டாம் வாரம் எரிச்சல். மூன்றாம் வாரம் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறார். பக்கவாதத்திலிருந்து பிழைப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரை மனச்சோர்வு பிடிக்கிறது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. மனம் சோர்ந்தவர் பயிற்சி செய்வதில்லை. பயிற்சி செய்யாத கை திரும்புவதில்லை.

ரிக்ரியேஷன் தெரபிஸ்ட் இவரிடம் கேட்கும் முதல் கேள்வி, "சாயங்காலம் என்ன செய்வீர்கள்?" என்பதுதான். தெருமுனை மன்றத்தில் கேரம் ஆடுவார் என்று தெரியவருகிறது. உடனே வார்டில் ஒரு கேரம் பலகை வந்துவிடுகிறது. அதோடு முடிந்தால் அது பொழுதுபோக்கு. சிகிச்சை அதற்கு மேல்தான் தொடங்குகிறது. பலகையை எந்த உயரத்தில் வைத்தால் தோள் எவ்வளவு தூரம் நீளும், முதுகுக்குச் சாய்மானம் இல்லாத நாற்காலியில் எத்தனை நிமிடம் உட்கார முடியும், ஸ்டிரைக்கரைத் தட்ட எந்த விரலில் எவ்வளவு விசை வேண்டும், எதிராளியாக யாரை உட்கார வைப்பது என்று ஒவ்வொன்றும் கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு காயும் விழும்போது எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. அது பேச்சுப் பயிற்சி. இரண்டாம் வாரம் நின்றுகொண்டு ஆட வேண்டும். அது சமநிலைப் பயிற்சி. இருபது முறை கையைத் தூக்கச் சொன்னால் முகம் சுளித்தவர், சிவப்புக் காயைப் போட்டு ஃபாலோ எடுக்கும் ஆர்வத்தில் நூறு முறை கையை நீட்டிவிடுகிறார்.

எல்லாம் எழுதிவைக்கப்படுகிறது. தொடக்கத்தில் மதிப்பீடு, பிறகு இலக்கு, பிறகு செயல், கடைசியில் மறு மதிப்பீடு. மற்ற சிகிச்சைகளுக்கு உள்ள அதே ஒழுங்குதான் இதற்கும். கடைசி வேலை மருத்துவமனைக்கு வெளியே இருக்கிறது. மன்றத்து வாசலில் மூன்று படிகள், கைப்பிடி கிடையாது. அந்தப் படிகளை ஏறப் பயிற்சி தந்து, பழைய ஆட்டக்காரர் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி, நோயாளியை மறுபடி அந்தப் பலகை முன் உட்கார வைத்த பிறகுதான் சிகிச்சை முடிந்ததாகக் கணக்கு. கை எத்தனை டிகிரி உயர்ந்தது என்பதோடு, அந்தக் கையை வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்கிறார் என்பதும் பதிவேட்டில் வருகிறது.

விளையாட்டுக்கும் மறுவாழ்வுக்கும் உள்ள உறவுக்கு ஒரு கௌரவமான வரலாறு இருக்கிறது. இரண்டு உலகப் போர்களிலும் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ராணுவ மருத்துவமனைகளில் பொழுதுபோக்குப் பணியாளர்களை அமர்த்தியது. ஆனால் உலகத்தின் கண்ணைத் திறந்தவர், நாஜிகளிடமிருந்து தப்பி 1939ல் இங்கிலாந்துக்கு வந்த யூத நரம்பியல் நிபுணர் லுட்விக் குட்மன். 1944ல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயப் பிரிவை அவர் பொறுப்பேற்றபோது, இடுப்புக்குக் கீழ் செயலிழந்த போர்வீரர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் செத்துப்போவதே இயல்பு என்று கருதப்பட்டது. வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர செய்ய எதுவும் இல்லை என்று சக மருத்துவர்கள் கைவிட்டிருந்தார்கள்.

குட்மன் அவர்களைப் புரட்டிப் படுக்க வைத்தார், உட்கார வைத்தார், பிறகு விளையாட வைத்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனை வளாகத்தில் ஒரு வில்வித்தைப் போட்டி நடந்தது. கலந்துகொண்டவர்கள் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 முன்னாள் படையினர். வில்லை இழுப்பது தோளுக்கும் முதுகுக்கும் நல்லது என்பது மருத்துவக் காரணம். செத்துப்போவான் என்று ஒதுக்கப்பட்டவன் ஒரு குறியைப் பார்த்து அம்பு விடுகிறான் என்பது அதைவிடப் பெரிய காரணம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1960ல் ரோமில் நடந்த போட்டிகள்தான் முதல் பாராலிம்பிக்ஸ் என்று இன்று கொண்டாடப்படுகின்றன. ஒரு வார்டில் தொடங்கிய சிகிச்சை முறை அது என்பது பலருக்கும் மறந்துபோய்விட்டது.

இந்தியாவுக்கும் அந்த வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த முரளிகாந்த் பேட்கர் ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து கால்கள் செயலிழந்தன. சிகிச்சையின் ஒரு பகுதியாக நீச்சல் குளத்தில் இறங்கியவர், 1972ல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்ஸில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். ஒலிம்பிக்ஸ், பாராலிம்பிக்ஸ் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் தங்கம் அதுதான். பத்மஸ்ரீ கிடைக்க 46 ஆண்டுகள் ஆயின, 2018ல்தான் கொடுத்தார்கள். 2024ல் அவர் வாழ்க்கை திரைப்படமாகவும் வந்தது.

பேட்கரின் கதையைப் பதக்கக் கதையாக மட்டுமே நாடு படித்தது. ஒரு மருத்துவமனை அவரைத் தண்ணீரில் இறக்கிவிட்ட கதையாக யாரும் படிக்கவில்லை. பாரிஸில் 2024ல் இந்திய வீரர்கள் 29 பாராலிம்பிக் பதக்கங்கள் வென்றபோதும் அதே கைதட்டல், அதே மறதி. கால் செயலிழந்தவர்களில் ஆயிரத்தில் ஒருவர்கூடப் பதக்க மேடை ஏறப்போவதில்லை. மற்றவர்களுக்குத் தேவை ஒரு குளம், ஒரு பந்து, ஒரு மாலை நேரம், அதை ஒழுங்குபடுத்த ஒரு ஆள்.

நம் நாட்டில் அதைப் புரிந்துகொண்டவர்கள் இல்லாமலும் இல்லை. கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1966ல் தொடங்கிய மறுவாழ்வு மையத்துக்கு உயிர் கொடுத்தார். அங்கே 'ரிஹாப் மேளா' என்று ஒரு திருவிழா நடப்பதுண்டு. சிகிச்சை முடித்து ஊர் திரும்பிய பழைய நோயாளிகள் கூடுவார்கள், விளையாடுவார்கள், ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். புதிதாக அடிபட்டு வந்தவருக்கு, ஐந்து வருடத்துக்கு முன் தன்னைப் போலவே படுத்திருந்த ஒருவர் பந்து எறிவதைப் பார்ப்பது எந்த மாத்திரையும் தராத ஒரு தெம்பைத் தரும்.

"இதெல்லாம் மனசுக்கு நல்லதுதான், ஆனால் ஆதாரம் இருக்கிறதா?" என்று டாக்டர்கள் கேட்பது நியாயமே. ஓரளவு இருக்கிறது. பக்கவாத நோயாளிகளின் கைப் பயிற்சிக்கு வீடியோ கேம் கருவிகள் உதவுமா என்று கண்டறிய கனடா உள்ளிட்ட நான்கு நாடுகளில் 141 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமான சிகிச்சையோடு ஒரு பிரிவுக்கு நவீனக் கருவி, மற்றொரு பிரிவுக்குச் சீட்டாட்டம், பந்து விளையாட்டு போன்ற எளிய பொழுதுபோக்குகள். 2016ல் 'லான்செட் நியூராலஜி' இதழில் முடிவு வெளியானது. இரண்டு பிரிவினரின் கையும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது. ஒரு சீட்டுக்கட்டு விலை உயர்ந்த கருவிக்கு ஈடுகொடுத்துவிட்டது. கருவி வாங்கப் பணமில்லாத மாவட்ட மருத்துவமனைகளுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

முதுமை மறதி விஷயத்திலும் அப்படி ஒரு குறிப்பு கிடைக்கிறது. நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைச் சில ஆண்டுகள் கவனித்து, 2003ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாசிப்பது, பலகை விளையாட்டு ஆடுவது, இசைக்கருவி மீட்டுவது, நடனமாடுவது என்று எதிலாவது ஈடுபட்டவர்களிடம் மறதி நோய் குறைவாகவே காணப்பட்டது. இதை வைத்துச் செஸ் ஆடினால் மறதி வராது என்று சொல்லிவிட முடியாது. மூளை மங்கத் தொடங்குபவர்கள் ஆட்டத்தை முதலில் விட்டிருக்கவும் கூடும். ஆனாலும் 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்கிறார்கள் என்று 2023ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டிருக்கும்போது, அந்த நோயை வேரோடு குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லாதபோது, அவர்களது பகலை எப்படி நிரப்புவது என்பது அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வி அல்ல. தன் பெயரையே மறந்துவிட்ட பாட்டி, பல்லாங்குழியைக் கண்டதும் சோழியை எண்ணத் தொடங்குவதைப் பார்த்த குடும்பங்களுக்கு இது புரியும்.

ஆதாரம் இன்னும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தத் துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, குறுகிய காலத்தவை. ஆட்டம் உதவியதா, ஆட்டத்தோடு கிடைத்த மனிதத் துணை உதவியதா என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஆனால் இதில் ஒரு விஷச் சுழலும் இருக்கிறது. தொழிலுக்கு அங்கீகாரம் இல்லாததால் ஆய்வுக்குப் பணம் இல்லை. ஆய்வு இல்லாததால் அங்கீகாரம் இல்லை.

இந்த அலட்சியத்தின் விலையை அதிகம் கொடுப்பவர்கள் மனநோயாளிகள். தேசிய மனித உரிமை ஆணையமும் பெங்களூர் நிம்ஹான்ஸும் சேர்ந்து 1999ல் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் மனநல மருத்துவமனைகள் பலவும் அடைத்துவைக்கும் இடங்களாகவே இருப்பதைப் பட்டியலிட்டது. இரண்டே ஆண்டுகளில், 2001 ஆகஸ்ட் 6ம் தேதி, ஏர்வாடியில் கொட்டகை எரிந்து சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அதன் பிறகு சங்கிலிகள் குறைந்தன, சட்டங்கள் மாறின. ஆனால் கட்டிப்போடாமலே ஒருவரை முடக்கிவைக்க முடியும். 2019ல் 43 அரசு மனநல மருத்துவமனைகளைப் பற்றி வெளியான அறிக்கையின்படி, அங்கிருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்கள் ஓராண்டுக்கு மேல் உள்ளேயே இருந்தவர்கள். குணமாகியும் அழைத்துப் போக ஆளில்லாதவர்கள் அதில் ஏராளம். காலை மாத்திரை, மதியம் சாப்பாடு, மாலை மாத்திரை. இடைப்பட்ட நேரம் வெற்றிடம். ஸ்கிசோஃப்ரீனியா போன்ற நோய்களில் காதில் குரல் கேட்பதை மருந்து அடக்கிவிடும். ஆர்வமின்மை, ஒதுங்கியிருத்தல், எதையும் தொடங்க முடியாமை ஆகியவற்றில் மருந்துகளுக்கு அவ்வளவு பலம் கிடையாது. வெற்றிடம் அவற்றைத்தான் வளர்க்கிறது.

பழைய மனநல மருத்துவமனைகள் இந்த நேரத்தை நிரப்ப வேலையைக் கொடுத்தன. நெசவு, தோட்டம், சமையலறை. சிலருக்கு அது உண்மையிலேயே மருந்தாக அமைந்தது. பல இடங்களில் கூலி இல்லாத உழைப்பாகவும் சரிந்தது. 2017ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைக் கவனித்திருக்கிறது. அதன் 20வது பிரிவு, நோயாளியைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக்கூடாது, வாங்கும் வேலைக்கு ஊதியம் தர வேண்டும் என்கிறது. அதே பிரிவு, ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் நியாயமான வசதிகள் பெறுவது நோயாளியின் உரிமை என்றும் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பண்பாட்டு வாழ்வையும் பொழுதுபோக்கையும் தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறது. விளையாடுவதற்குக் குழந்தைக்கு உள்ள உரிமையைச் சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் குழந்தைக்கு அதில் விதிவிலக்கு எதுவும் எழுதப்படவில்லை.

உரிமையை எழுதியாயிற்று. நிறைவேற்ற ஆள் யார்? 1996ல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், நர்ஸ் ஆகியோருக்கு இடம் உண்டு. பொழுதுபோக்குச் சிகிச்சையாளருக்கு இல்லை. உடல்நலத் துணைத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பத்துப் பிரிவுகளில் ஏராளமான தொழில்களை வரிசைப்படுத்திய அதன் அட்டவணையில் ரிக்ரியேஷனல் தெரபிஸ்டும் இருக்கிறார். எங்கே? 'அசைவுச் சிகிச்சையாளர்' என்ற தலைப்புக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், கலை மற்றும் நடனச் சிகிச்சையாளர்களோடு நெருக்கியடித்துக்கொண்டு. ஒரு தொழிலின் அந்தஸ்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இதில் இந்தியா மட்டும் தனித்துப் பின்தங்கவில்லை. இந்தத் தொழில் வேரூன்றிய அமெரிக்காவிலேயே அதன் நிலை சங்கடமானதுதான். அங்கே பட்டப்படிப்பு உண்டு. 560 மணி நேர நேரடிப் பயிற்சி உண்டு. 1981ல் அமைந்த தேசியச் சான்றிதழ்க் குழுவின் தேர்வும் உண்டு. இத்தனைக்குப் பிறகும் நாடு முழுவதும் இவர்கள் எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தாண்டவில்லை. பிஸியோதெரபிஸ்டுகளோ இரண்டு லட்சத்துக்கும் மேல். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், மறுவாழ்வு மருத்துவமனையில் சேரும் நோயாளிக்கு வாரம் ஐந்து நாள், நாளைக்கு மூன்று மணி நேரத் தீவிர சிகிச்சை தேவை என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. 2010 முதல் அந்த மூன்று மணி நேரக் கணக்கில் பொழுதுபோக்குச் சிகிச்சை சேர்க்கப்படுவதில்லை. கொடுக்கலாம், ஆனால் கணக்கில் வராது. கணக்கில் வராத வேலைக்கு எந்த நிர்வாகமும் சம்பளம் கொடுக்க விரும்பாது.

இங்கே எழும் ஆட்சேபனைகளும் எதிர்பார்க்கக்கூடியவையே. டாக்டருக்கும் நர்ஸுக்கும் தட்டுப்பாடு உள்ள நாட்டில் கேரம் ஆட ஒரு ஆளா என்பது முதலாவது. உண்மையில் தட்டுப்பாடு உள்ள நாட்டுக்குத்தான் இது அதிகம் தேவை. சோர்ந்து படுத்த நோயாளி மறுபடி மறுபடி படுக்கைக்குத் திரும்புகிறார். குடும்பத்தில் அவரைக் கவனிக்க இன்னொருவர், பெரும்பாலும் ஒரு பெண், வேலையை விட்டு வீட்டோடு முடங்குகிறார். அந்த நஷ்டம் எந்த மருத்துவமனை பட்ஜெட்டிலும் எழுதப்படுவதில்லை.

இரண்டாவது ஆட்சேபனை, இதை யார் வேண்டுமானாலும் செய்யலாமே என்பது. பிறந்தநாள் கொண்டாட வரும் கல்லூரி மாணவர்கள் வார்டில் பாட்டுப் பாடிவிட்டுப் போவது நல்ல காரியம். சிகிச்சை அதுவல்ல. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் முன்னால் குழந்தைகளின் வண்ணக் கட்டைகளை வைத்து அடுக்கச் சொன்னால் அவர் அவமானத்தில் கூனிப்போவார். அவருக்குக் குறுக்கெழுத்துப் புதிர் தர வேண்டும். நோய் தீவிரமாக உள்ளவரை ஒலிபெருக்கி அலறும் கூட்டத்தில் நிறுத்தினால் அவர் நிலை மோசமாகலாம். இதய நோயாளி எவ்வளவு நேரம் ஆடலாம், வலிப்பு நோயாளி நீச்சல் குளத்தில் இறங்கலாமா, குடியை விட்டவருக்குச் சனிக்கிழமை மாலையை எதைக் கொண்டு நிரப்புவது என்பதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. எளிதாகத் தெரிவதால் எளிதான வேலை என்று ஆகிவிடாது.

ஆக்குபேஷனல் தெரபி நடந்து வந்த பாதை இங்கே கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கே குடியேறிய கமலா நிம்ப்கர், 1950ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அதற்கான நாட்டின் முதல் பள்ளியைத் தொடங்கினார். கூடை முடைவதற்குப் பட்டமா என்று அன்றும் பலர் நகைத்திருக்கக்கூடும். இரண்டு ஆண்டுகளில் அகில இந்தியச் சங்கம் உருவானது. தேசிய அளவில் சட்டபூர்வமான ஒழுங்குமுறை வர 2021 வரை, 71 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதே சட்டத்தில் அடைப்புக்குறிக்குள் நிற்கும் பொழுதுபோக்குச் சிகிச்சையும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுமா என்பதே கேள்வி.

செய்யவேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கொல்கத்தாவின் 'சன்வேத்' அமைப்பு நடன அசைவுச் சிகிச்சையில் பல ஆண்டு அனுபவத்தைச் சேர்த்துக்கொண்டு, மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தோடு சேர்ந்து டிப்ளமோ படிப்பை உருவாக்கியது. பொழுதுபோக்குச் சிகிச்சைக்கும் அப்படி ஒரு படிப்பை, மறுவாழ்வு மையம் உள்ள மருத்துவக் கல்லூரிகள் தொடங்கலாம். ஒவ்வொரு அரசு மனநல மருத்துவமனையிலும் ஒரே ஒரு பணியிடம் உருவாக்கலாம். வார்டைப் பார்வையிட வரும் அதிகாரி டெலிவிஷன் ஓடுகிறதா என்று பார்ப்பதற்குப் பதிலாக, பொழுதுபோக்குக்கான பதிவேடு இருக்கிறதா, அதில் நோயாளியின் பெயருக்கு எதிரே ஓர் இலக்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்கலாம். கருவிகளுக்குப் பஞ்சமில்லை. கேரம், தாயக்கட்டை, கோலப்பொடி, மிருதங்கம், பஜனைப் பாட்டு, ஒரு பூந்தோட்டம் என்று இந்தியாவின் ஒவ்வொரு மூலையிலும் கிடைக்கின்றன. அவற்றை மருந்தளவு தெரிந்து கொடுக்கும் ஆள்தான் இல்லை.

மதியம் இரண்டு மணி. ரவுண்ட்ஸ் முடிந்துவிட்டது, பார்வையாளர் நேரம் தொடங்க இன்னும் நேரமிருக்கிறது. நாட்டின் எந்த மருத்துவமனை வார்டிலும் மிக நீளமான நேரம் இதுதான். டெலிவிஷனில் ஏதோ தொடர் ஓடுகிறது, யாரும் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, "சாயங்காலம் வீட்டில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், நோயாளி தன் நோயைப் பற்றியல்லாமல் தன்னைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சம்பளம் கொடுக்க ஓர் அரசாணை போதும்.